ஒயிட்போர்டு வாங்கலாம், நோட்டாக நினைத்து வாங்க வேண்டாம்

கேள்வி இது: "கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாவது செமஸ்டர். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. சொந்தமாக ஒரு ஒயிட்போர்டு வாங்கி எழுதிப் படி என்கிறார் சீனியர் ஒருவர். நிஜமாகவே உதவுமா? எந்த அளவு வாங்குவது? ஹாஸ்டல் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பேசாமல் டேப்லெட் வாங்கிவிடலாமா? அடுத்த வாரம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இன்டர்னல் தேர்வு."

உதவும். ஆனால் 'எழுதிப் படி' என்பதோடு நிறுத்திக்கொண்டால் காசு வீண். எழுதிப் படிக்க ஒரு ரஃப் நோட்டு போதும். நோட்டால் முடியாத ஒரே ஒரு காரியம் பலகையால் முடியும்: சுத்தமாக அழிக்கலாம். அதற்காக வாங்குவதென்றால் வாங்குங்கள். அளவு, ஆணி, டேப்லெட்டுக்கெல்லாம் கடைசியில் வருகிறேன், அவை சின்ன விஷயம்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். இரண்டாம் ஆண்டில் ஒரு பேப்பர் அரியர் விழுந்த சூட்டோடு இரண்டுக்கு ஒன்றரை அடியில் ஒரு பலகை வாங்கினேன். ஒரு மாதம் முழுக்க அதில் நான் செய்த வேலை, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைவது. நாலு கலர் மார்க்கர், அடிக்கோடு, பெட்டி, அம்புக்குறி. அறைக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இவ்வளவு அழகாக வரைந்ததை அழிக்க மனசு வராது, நாலு நாள் அப்படியே நிற்கும். அப்புறம் இன்டர்னலில் அதே சர்க்யூட் வந்தது. பாதி வரைந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் படத்தை என் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு ஹாலில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே பழகிய முகமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தைப் புரிதல் என்று எண்ணிக்கொள்கிறோம். தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்ததும் 'இவரைத் தெரியும்' என்று தோன்றுவது வேறு, அவர் இல்லாதபோது அவர் முகத்தை வரையச் சொன்னால் வரைவது வேறு. பரீட்சை இரண்டாவதைத்தான் கேட்கிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் செய்த ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. மாணவர்களுக்குச் சிறு சிறு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். சிலவற்றை மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், மறுபடி படித்ததில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து அதுவே 42-ஆகவும் 56-ஆகவும் தலைகீழாகிவிட்டது. இதில் நான் கவனிப்பது அந்த முதல் எண்ணைத்தான். திரும்பத் திரும்பப் படித்தால் அப்போதைக்கு நிஜமாகவே அதிகம் நினைவிருக்கிறது. பரீட்சைக்கு முந்தின இரவு நமக்கு வரும் தெம்பு அந்த 81-இலிருந்து வருவது. அதனால்தான் யாரும் அந்த வழியை விட மனம் வைப்பதில்லை.

சரி, பலகை இதில் எங்கே வருகிறது? மூடிவைத்துவிட்டு எழுதுவதைத் தாளிலும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் தாளில் எழுதினால் அது நிற்கும். நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் கை கூச்சப்படும். தப்பாக எழுதிவிடுவோமோ என்று நிதானிக்கும், ஓரக்கண்ணால் புத்தகத்தைத் தேடும். பலகையில் எழுதுவது இன்னும் பத்து நிமிடத்தில் இல்லாமல் போகப் போகிறது, யாரும் பார்க்கப் போவதில்லை, எனவே கிறுக்கலாம். தெரிந்த கோடியிலிருந்து ஆரம்பித்து தெரியாத இடம் வரை தைரியமாகப் போகலாம். இன்னொன்று, அழித்த பிறகு நாளைக்கு மறுபடி வெறும் பலகையின் முன்னால்தான் நிற்க வேண்டும். நேற்று எழுதியது அங்கே இருந்து உதவாது. நோட்டில் முந்தின பக்கம் எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

நான் பிறகு பழகிக்கொண்ட முறை இது. ஒரு தலைப்பைப் புத்தகத்தில் ஒருமுறை ஒழுங்காகப் படிப்பேன். மூடிவைத்து, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். அந்த இடைவெளி முக்கியம், உடனே எழுதினால் இப்போதுதான் பார்த்ததைக் கை காப்பியடிக்கும். வந்ததும் கறுப்பு மார்க்கரில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், நினைவில் இருப்பதை எல்லாம் கொட்டுவேன். மாட்டிக்கொண்டால் உடனே புத்தகத்தைத் திறக்க மாட்டேன், இரண்டு நிமிடமாவது அங்கேயே நிற்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டிக்கொண்டு நின்ற இடம் பின்னால் மறப்பதே இல்லை. அதற்கப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் போடுவேன். அந்தச் சிவப்பை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு முழுவதையும் அழித்துவிடுவேன். மறுநாள் காலை அதே தலைப்பு, அதே வெறும் பலகை. மூன்றாம் நாளில் சிவப்பு ஒன்றிரண்டு வரிதான் மிஞ்சும்.

போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுத்துப் பாருங்கள். என் போனில் அப்படி நானூறு படங்கள் இருந்தன, ஒன்றைக்கூடத் திரும்பப் பார்த்ததில்லை. போட்டோ எடுத்ததும் 'பத்திரமாக இருக்கிறது' என்று மனசு அந்த விஷயத்தைக் கீழே போட்டுவிடுகிறது. கையால் நோட்டில் எழுதிய அந்த ஐந்தாறு சிவப்பு வரிகள்தான் பரீட்சை காலையில் புரட்ட உதவின.

இது எல்லாப் பாடத்துக்கும் பொது. உங்கள் பாடங்களில் பலகைக்கு இன்னொரு தனி வேலையும் இருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் வருகிற பலவும் நிற்கிற படம் இல்லை, நகர்கிற படம். புத்தகம் அதை ஆறு படமாக வரிசையில் அச்சடித்துக் காட்டுகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படி வந்தார்கள் என்பது இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்தில் ஒளிந்திருக்கிறது. பலகையில் ஒரே படம்தான். அது உங்கள் கண் முன்னாலேயே, உங்கள் விரலாலேயே மாறுகிறது.

லிங்க்டு லிஸ்டை, அதாவது ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டி எங்கே என்று காட்டும் சங்கிலியை, திருப்பிப் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 5, 8, 3, 9 என்று நாலு பெட்டி வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்பு போடுங்கள். பெட்டிகள் கறுப்பு, அம்புகள் சிவப்பு. இப்போது 5-இன் அம்பு 8-ஐப் பார்க்கிறது, அதைத் திருப்ப வேண்டும். விரலால் அந்த அம்பை அழியுங்கள். அழித்தாயிற்றா? இனி 8-ஐ எப்படிப் பிடிப்பீர்கள்? உங்கள் கண்ணுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. புரோகிராமுக்குக் கண் கிடையாது, அதற்கு 8-ஐக் காட்டிக்கொண்டிருந்தது இப்போது நீங்கள் அழித்த அந்த அம்பு ஒன்றுதான். 8, 3, 9 மூன்றும் போயே போய்விட்டன. அம்பை அழிப்பதற்கு முன்னால் 8-இன் மேல் இன்னொரு விரலை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அப்போது உறைக்கும். அந்த இன்னொரு விரல்தான் உங்கள் புரோகிராமில் வருகிற 'நெக்ஸ்ட்' என்ற மூன்றாவது பாயின்டர். அது எதற்கு என்று கேட்டால் பலரும் 'சார் அப்படித்தான் எழுதிப் போட்டார்' என்பார்கள். தாளில் இதைப் போட்டால் பழைய அம்பை அடித்துவிட்டு பக்கத்தில் புதியது வரைவீர்கள். அடித்த அம்பு அங்கேயே தெரிந்துகொண்டிருக்கும், எதுவும் தொலைந்ததாகவே தோன்றாது.

அடுத்த செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் வரும்போது இன்னொன்று செய்து பாருங்கள். பேஜ் ரீப்ளேஸ்மென்ட், அதாவது நினைவகத்தில் இடமில்லாதபோது எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பது; அதில் முதலில் வந்தது முதலில் வெளியே போகும் முறை. மூன்று கட்டம் வரைந்துகொள்ளுங்கள், அவை மூன்று ஃபிரேம்கள், நினைவகத்தில் ஆளுக்கொரு பக்கம் வைக்கும் இடங்கள். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்படுகின்றன. கட்டத்தில் இல்லாதது கேட்கப்பட்டால் அது ஒரு ஃபால்ட்: காலிக் கட்டம் இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் எது முதலில் வந்ததோ அதை அழித்து அங்கேயும் புதியதை எழுதுங்கள், இரண்டுக்கும் பலகையின் மூலையில் ஒரு கோடு போடுங்கள். எது பழசு என்று குழம்பாமல் இருக்க அந்தக் கட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, அதை நகர்த்திக்கொண்டே வாருங்கள். முடிவில் மூலையில் 9 கோடு இருக்கும். இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாலு கட்டம் வரைந்து அதே வரிசையை ஓட்டுங்கள். இடம் கூடியிருக்கிறது, கோடு குறைய வேண்டும் அல்லவா? 10 வரும். எண்ணியதில் தப்பு என்று நினைத்து நான் மூன்று முறை அழித்து அழித்துப் போட்டேன். தப்பில்லை. லாஸ்லோ பெலாடியும் உடன் பணியாற்றியவர்களும் 1969-இல் எழுதிக் காட்டிய முரண் இது, பெலாடி அனாமலி என்று பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வரும். 'ஃபிரேம் கூடினால் ஃபால்ட்டும் கூடலாம்' என்று ஒரு வரியில் நெட்டுருப் போடுவதற்கும், அந்தப் பத்தாவது கோட்டைக் கையால் போட்டு முழிப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. இப்படி அழித்து அழித்துப் போடும்போது நடந்து வந்த பாதை காணாமல் போகிறது. பரீட்சைத் தாளில் கேட்பது அந்தப் பாதையைத்தான், ஒவ்வொரு படிக்கும் ஒரு பத்தி போட்ட அட்டவணையை. பலகையில் விளங்கிக்கொண்ட பிறகு ஒருமுறை தாளில் முழு அட்டவணையாகவும் போட்டுவிடுங்கள். அதேபோல, புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்பை டிரை ரன் செய்யும்போது, அதாவது கையால் ஓட்டிப் பார்க்கும்போது, பழைய மதிப்பை அழிக்காமல் குறுக்குக் கோடு மட்டும் போட்டு கீழே புதியதை எழுதுவது நல்லது. எங்கே கணக்கு தடம் புரண்டது என்று திரும்பிப் பார்க்க வேண்டிவரும்.

இதைச் சொல்லும்போது ராமானுஜன் நினைவுக்கு வருவார். தாள் விலைக்குக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசியில் கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவர். அழிக்கும் பலகையின் பலத்துக்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் அதன் விலையும் அந்த நோட்டுகளிலேயே இருக்கிறது. பெரும்பாலான முடிவுகளுக்குப் படிகள் இல்லை. புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து நிறுவல்களைத் திரட்டி வெளியிட்டபோது அது ஐந்து தொகுதிகளாக, 1985-இலிருந்து 1998 வரை நீண்டது. ராமானுஜனுக்கு அழித்தது தலையில் இருந்தது. நமக்கு இருக்காது, எனவே அந்தச் சிவப்பு நோட்டை விட்டுவிடாதீர்கள்.

டெரிவேஷனுக்கு, அதாவது ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக வருவிப்பதற்கு, வேறு ஒரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் பலகையில் மிகவும் பிடித்த வேலை. ரெசிஸ்டர் வழியாக ஒரு கெபாசிட்டர் சார்ஜ் ஆவதை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்தச் சமன்பாட்டில் தொடங்கி, கடைசியில் அந்த எக்ஸ்பொனென்ஷியல் விடை வரை ஏழெட்டு வரி. முழுவதையும் ஒருமுறை எழுதுங்கள், புத்தகம் பார்த்தே எழுதலாம், பரவாயில்லை. இப்போது நடுவில் ஒரே ஒரு வரியை அழித்துவிட்டுக் குளிக்கப் போங்கள். வந்து அந்த ஓட்டையை நிரப்புங்கள். மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன வர வேண்டும் என்று இரண்டு பக்கமும் தெரிவதால் நடுவில் வருவதை யோசித்தே கண்டுபிடித்துவிடலாம். அடுத்து இரண்டு வரியை அழியுங்கள், அப்புறம் மூன்று. சாயங்காலத்துக்குள் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் நிற்கும், நடுவில் வெள்ளை. அதையும் நிரப்பிவிட்டால் அந்த டெரிவேஷன் உங்களுடையது. பிறகு எண் போட்டுச் சரிபாருங்கள்: 10 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் என்றால் கால மாறிலி 1 விநாடி. ஒரு விநாடியில் சுமார் 63 சதவீதம் ஏறியிருக்க வேண்டும், ஐந்து விநாடியில் 99 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் கடைசி வரி அதைத் தரவில்லை என்றால் நிரப்பிய வரிகளில் ஒன்று பொய்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு என் அறைத் தோழனும் என் பலகையில் பாதியைப் பிடித்துக்கொண்டான், அவன் சிவில். ஆறு மீட்டர் பீம், இரண்டு முனையிலும் தாங்கல், நட்ட நடுவில் 12 கிலோநியூட்டன் சுமை. கீழே ஷியர் ஃபோர்ஸ் (பீமை வெட்டப் பார்க்கும் விசை) படம், அதற்கும் கீழே பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை) படம், உச்சத்தில் 18 கிலோநியூட்டன் மீட்டர். அதை வரைந்து முடித்ததும் நான் சுமையை மட்டும் அழித்து இடது முனையிலிருந்து இரண்டு மீட்டரில் போட்டுவிடுவேன். அவன் கீழே உள்ள இரண்டு படங்களையும் அதற்கேற்ப இழுத்து மாற்ற வேண்டும். தாங்கல்கள் 8, 4 என்று பிரியும், உச்சம் 16-ஆகி சுமையின் அடிக்கே நகரும். இப்படி நாலு இடம் மாற்றினால் போதும், சுமை எங்கே போனாலும் உச்சம் அதன் காலடியிலேயே நிற்கிறது என்பது சூத்திரத்தைப் பார்க்காமலே பிடிபட்டுவிடும். நான் சிவில் படிக்காதவன், எனக்கே இருபது வருடம் கழித்து நினைவிருக்கிறது.

அங்கிருந்து ஒரு பழக்கம் வந்தது, அதையும் சொல்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து படித்தால், தெரிந்தவன் கையில் மார்க்கர் இருக்கக் கூடாது. தெரியாதவன் எழுத வேண்டும், தெரிந்தவன் வாயால் மட்டும், அதுவும் கேள்வியாக மட்டும் கேட்க வேண்டும். மார்க்கர் தெரிந்தவனிடம் போனால் அது உடனே வகுப்பாகிவிடும், மற்றவன் தலையாட்ட ஆரம்பித்துவிடுவான். தலையாட்டுவதைத்தான் நாம் காலையிலிருந்து கல்லூரியில் செய்துகொண்டிருக்கிறோமே.

உங்கள் டிஜிட்டல் பேப்பருக்கு ஒரு சின்ன உத்தி. ஏ4 தாளில் நாலு மாறிக்கான கார்னா மேப் (லாஜிக் சமன்பாட்டைச் சுருக்க உதவும் கட்டப் படம்) கட்டம், பதினாறு அறை, வெறும் கோடு மட்டும் வரைந்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்ளுங்கள். அதன் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம். பக்கத்துத் தலைப்பு எண்களை மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். 00, 01 அடுத்து 11, அப்புறம்தான் 10 என்பதில்தான் பாதிப் பேர் வழுக்குவது, அதை ஒவ்வொரு முறையும் கையால் எழுத வேண்டும். மெக்கானிக்கல், கம்யூனிகேஷன் நண்பர்கள் கிராஃப் தாளையும், ஸ்மித் சார்ட் என்ற வட்ட வடிவ வரைபடத்தையும் இப்படிச் செய்துகொள்ளலாம்.

பலகை எதற்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விற்பனைப் பிரதிநிதி மாதிரி ஆகிவிடும். வரையறைகள், ஒப்பீட்டுக் கேள்விகள், பக்கம் பக்கமாக எழுதும் தியரி இவற்றுக்குப் பலகை இடமும் போதாது, பயனும் கிடையாது. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று என்று மூன்று மணி நேரத்தில் எழுதித் தள்ள வேண்டும். அந்த வேகமும் கைவலியும் பேனாவும் தாளும் வைத்துப் பழகினால்தான் வரும். கடைசி இரண்டு வாரம் பலகையைக் குறைத்து, கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள்களைத் தாளில் எழுதுங்கள். புரோகிராமும் அப்படித்தான். பலகை தப்பைச் சொல்லாது, கம்பைலர் சொல்லும். பலகையில் லாஜிக்கை ஓட்டிப் பார்த்த கையோடு சிஸ்டத்தில் தட்டி ஓட்டவில்லை என்றால் அரை வேலைதான் ஆகியிருக்கிறது. நீண்ட எண் கணக்குகளும் தாளில்தான். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் அங்கே கொடுப்பதும் எழுதிப் பார்க்க ஒரு தாள் புத்தகம்தான். வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகும் எண்ணமிருந்து ஜிஆர்இ தேர்வை வீட்டிலிருந்தே எழுதினால் மட்டும் கதை மாறும். அங்கே சாதாரணத் தாளில் கிறுக்க விடமாட்டார்கள். சிறு ஒயிட்போர்டு, அல்லது ஒளிபுகும் உறைக்குள் செருகிய ஒரு தாள், இரண்டில் ஒன்று, அழிக்கும் மார்க்கருடன்.

இனி கடைக்குப் போவோம். நம் ஊரில் பலகைகள் அடிக்கணக்கில் கிடைக்கும். ஹாஸ்டல் அறைக்கு இரண்டுக்கு ஒன்றரை அடி போதும், இடமிருந்தால் மூன்றுக்கு இரண்டு. நாலுக்கு மூன்று வேண்டாம், அறை மாற்றும்போது தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆணி தேவையே இல்லை. மேசை மேல் சுவரோடு சாய்த்து வையுங்கள், கீழ் விளிம்பு வழுக்காமல் இருக்க இரண்டு தடிப் புத்தகம். அல்லது கட்டில் மேல் நிறுத்துங்கள். நான் கட்டிலில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டே எழுதுவேன். அதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எல்லாம் இல்லை, மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், அவ்வளவுதான்.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் பலகையே வாங்க வேண்டாம். வீட்டில் பாத்ரூமுக்கு ஒட்டி மிஞ்சிய வெள்ளை நிறப் பளபளப்பு டைல் ஒன்று கிடந்தால் எடுத்து வாருங்கள், மார்க்கர் அதில் அருமையாக எழுதும், அழியும். கொஞ்சம் கனம், கீழே போட்டால் உடையும். பிளைவுட் கடையில் வெள்ளைப் பளபளப்பு சன்மைக்கா துண்டு கேட்டாலும் கிடைக்கும். மேட் வகை வேண்டாம், மையை உறிஞ்சிக் கறையாக்கிவிடும். ஜன்னல் கண்ணாடித் துண்டின் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டியும் செய்யலாம், விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

கடைப் பலகையில் மலிவானவை மெலமைன் பூச்சு போட்டவை. ஆறு மாதத்தில் நுண்ணிய கீறல் விழுந்து, அழித்த பிறகும் பழைய எழுத்து ஆவி மாதிரி தெரியும். எஃகுத் தகட்டின் மேல் பீங்கான் பூச்சு சுட்டுப் போட்ட வகை பல வருடம் உழைக்கும், விலையும் அதற்கேற்ப. ஒரு மாணவருக்கு மெலமைனே போதும், ஆனால் அதில் எதையும் நாள்கணக்கில் விடக் கூடாது. நான் ஒருமுறை டைம்டேபிளை ஒரு மூலையில் எழுதி ஒரு மாதம் விட்டேன், பலகை இருந்தவரை அந்த மூலையில் திங்கள் செவ்வாய் நின்றுகொண்டே இருந்தது. அழிகிற மார்க்கரின் மையில் ஆல்கஹால் போன்ற ஒரு கரைப்பானும், நிறப்பொடி பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் மேலாக மெல்லிய படலமாக உட்காரவைக்கும் ஒரு எண்ணெய்ப் பொருளும் இருக்கும். பெர்மனன்ட் மார்க்கரில் அந்த எண்ணெய்க்குப் பதில் பிசின். ராத்திரி இருட்டில் மாற்றி எடுத்து பெர்மனன்டால் எழுதிவிட்டால் பதற வேண்டாம், அதே எழுத்தின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி உடனே துடையுங்கள். அதன் கரைப்பான் பழைய மையையும் இளக்கிக்கொண்டு வந்துவிடும். அடங்காத கறைக்குக் கை சானிட்டைசர் இரண்டு சொட்டு. டஸ்டருக்குப் பழைய பருத்தி பனியன் துணியே போதும். மார்க்கரைப் படுக்கை வாக்கில் வையுங்கள், மூடியைக் கழற்றிவிட்டு யோசிக்காதீர்கள். மை தீர்ந்தால் நிரப்பும் வகையில் புட்டி மை கிடைக்கிறது, நீண்ட நாளில் அதுதான் மலிவு. இரண்டு நிறம் போதும், நான் நாலு நிறம் வாங்கிக் கெட்ட கதை மேலே இருக்கிறது.

டேப்லெட். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகவே வாங்குவதென்றால் என் ஓட்டு இல்லை. விலை ஒரு காரணம். பெரிய காரணம், அது எதையும் மறக்காது. எழுதியதெல்லாம் தானாகச் சேமிக்கப்படும், முந்தின பக்கத்துக்கு ஒரு விரல் தள்ளினால் போதும், பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். முடிவில் அது இன்னொரு அழகான நோட்டாகிவிடுகிறது. வாட்ஸ்அப் செய்தி மேலே வந்து எட்டிப் பார்ப்பது தனி. பலகையில் இடம் தீர்ந்துபோகும், தீர்ந்தால் எதை வைத்துக்கொள்வது எதை அழிப்பது என்று நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும்போதுதான் எது ஆணிவேர், எது இலை என்று தலை பிரித்துப் பார்க்கிறது.

அடுத்த வாரம் இன்டர்னல் என்றீர்கள், எனவே பலகை வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு ஏ4 தாளை லேமினேட் செய்து ஏவிஎல் ட்ரீயில், அதாவது இரண்டு பக்கக் கிளைகளின் உயரமும் ஒன்றுக்கு மேல் வேறுபடாமல் சமன் செய்துகொள்ளும் மரத்தில், ஆரம்பியுங்கள். 10, 20, 30, 40, 50, 25 என்று ஒவ்வொன்றாக நுழையுங்கள். புதுப் படம் வரையாதீர்கள், ஒரே ட்ரீதான், சமநிலை கெடும்போது கிளையை விரலால் அழித்து மாற்றி மாட்டுங்கள். 25 வரும்போது ஒரு சுழற்சி போதாது, இரண்டு வேண்டும், அங்கே கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்வீர்கள். முடிவில் வேரில் 30, அதன் இடப்பக்கம் 20, வலப்பக்கம் 40 வந்தால் சரி. வராவிட்டால் எந்தக் கிளையில் தப்பினீர்கள் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.